ஜெயிலில் எழுதிய கதை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது! உண்மையை எழுதினாலும் வழக்கு வருமா?

சென்னை, திருவான்மியூர் என்றதும் ஒரு காலத்தில் ஜனங்களுக்கு ஞாபகம் வந்த பெயர் ஆட்டோ சங்கர். 6 கொலைகள் தொடர்பான வழக்கில் செங்கல்பட்டு செசன்சு கோர்ட்டு 1991-ம் ஆண்டு மே 31-ந் தேதி அவருக்கு தூக்கு தண்டனை விதித்தது. அந்த வழக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் ஜெயிலுக்குள் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையால் வந்த இன்னொரு வழக்கு பலருக்குத் தெரியாது. அடுத்தவரைப் பற்றி எழுதி நாலு பேர் பார்க்க வெளியிடுகிறவர்கள், அது பத்திரிகையோ, துண்டுப் பிரசுரமோ, செல்போனோ, அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது.

ஐ.ஜி. கடிதம்

சுமார் 300 பக்கம். பெரிய பெரிய அதிகாரிகளுக்கும் தனக்கும் இருந்த தொடர்பை சங்கர் புட்டுப்புட்டு வைத்திருக்கிறார் என்று பேச்சு. "நக்கீரன்" பத்திரிகை இதை வெளியிடப்போவதாக அறிவித்ததும் பரபரப்பு ஏற்பட்டது. 1994 ஜூனில் ஜெயில் ஐ.ஜி.யிடம் இருந்து பத்திரிகைக்கு கடிதம் வந்தது. "இது சங்கர் எழுதியதே அல்ல, பொய். ஜெயில் விதிக்கும் விரோதம். வெளியிட்டால் நடவடிக்கை" என்பது அதன் சாரம்.

பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் (நக்கீரன் கோபால் என்றால் சட்டென்று புரியும்) தரப்பினர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

தீர்ப்பு

1994-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, சென் ஆகியோர் தீர்ப்பு கூறினார்கள். வேடிக்கை என்னவென்றால், எழுதியதாகச் சொல்லப்பட்ட சங்கரும் அவர் மனைவியும் வழக்கில் கட்சிக்காரர்களே இல்லை. ஆகவே "சங்கர் இதை எழுதவும் இல்லை, வெளியிடச் சம்மதிக்கவும் இல்லை" என்று வைத்துக்கொண்டுதான் நீதிபதிகள் விசாரித்தார்கள். அப்படி வைத்துக்கொண்டும் பத்திரிகையே ஜெயித்தது!

காரணம், கோர்ட்டு ஏடு முதலிய பொது ஆவணங்களில் உள்ள விஷயத்தை எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டினால் பத்திரிகைதான் பொறுப்பு. "அவதூறு வரும்" என்று பயந்து, அச்சாவதற்கு முன்பே தடை போட சர்க்காருக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் கிடையாது. வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கடிவாளமும் இருக்கிறது. ஒருவரது குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்ற அந்தரங்கங்களை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. எழுதியது உண்மையாக இருந்தாலும் நஷ்டஈடு கேட்டு வழக்கு வரும். அதிகாரிகளின் உத்தியோக நடத்தைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதில் தவறாக எழுதினால்கூட, உண்மையா என்று கொஞ்சமும் பார்க்காமல் எழுதியதாக அவர் நிரூபித்தால்தான் நஷ்டஈடு. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரோ, கோர்ட்டு ஏட்டில் இருந்தாலும் வெளியே வரக்கூடாது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் அதற்கு 2 ஆண்டு வரை ஜெயில்.

நிஜம் மட்டும் போதாது

"நடந்ததைத்தானே சார் எழுதினேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. கிரிமினல் அவதூறு வழக்கில் அது பாதி பதில்தான். எழுதியது உண்மை என்பதோடு, பொது நன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கிய கதையில் என்ன பொது நன்மை?

பழைய 499, 500 பிரிவுகள் இப்போது 356-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை செய்யச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இதில் போலீசார் தாங்களாக எப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால், வெளியானதில் இருந்து 1 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

"நான் எழுதலை, வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்பதும் செல்லாது. 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவு ஒன்றைப் பரப்பியவர் முன்ஜாமீன் கேட்டு வந்தபோது, சென்னை ஐகோர்ட்டு மனுவைத் தள்ளுபடி செய்தது. அனுப்புவது என்றால் அதை ஆமோதிப்பதுதான் என்று உத்தரவில் எழுதப்பட்டிருந்தது.