கதாயுதச் சுழற்சியும் தசைநாணின் காலக்கணக்கும்

உடல் வலிமையை வளர்க்க மாந்தர் கண்ட கருவிகளுள் கதாயுதம் தொன்மையானது. அமைப்பில் மிக எளியது. நீண்ட காம்பு, அதன் முனையில் கனத்த தலை, அவ்வளவே. வட இந்திய மற்போர்க் களங்களில் மூங்கில் காம்பில் கல் உருண்டையைப் பொருத்தி மல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுழற்றி வருகின்றனர். காசி நகரத்தில் அகாடா எனப்படும் இக்களங்களில் அனுமனை வணங்கிய பின்னரே பயிற்சியைத் தொடங்குவர். மராட்டிய மாநிலத்தின் தலைசிறந்த மல்லருக்கு வழங்கப்படும் ‘மகாராஷ்டிர கேசரி’ பட்டத்தின் அடையாளம் வெள்ளிக் கதாயுதமே. தமிழகத்தின் கர்லாக்கட்டை இதற்கு நெருங்கிய உறவு. இத்தகைய சுழல்கட்டைகளை இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலப் படையினர் 19ஆம் நூற்றாண்டில் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் கட்டை சுழற்றல் தனிப்போட்டியாகவே இடம்பெற்றது.

அம்மரபின் இன்றைய வடிவம் எஃகுக் கதாயுதம். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் காம்பு, முனையில் எஃகு உருண்டை. உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர் இதனை விரும்பி ஏற்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் கருவியோடு எண்ணிக்கை வேட்கையும் சேர்ந்தே வருகிறது. நாளுக்கு 500 சுற்று, பின்னர் 1000 சுற்று என்று ஒருவர் ஏற்றிக்கொண்டே போகிறார். மூச்சு தாங்குகிறது, தசையும் தாங்குகிறது, பின் ஏன் கூட்டக்கூடாது என்று வினவுகிறார். வினா நேர்மையானது. விடை தசையிடம் இல்லை. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணிடம் இருக்கிறது. எண்ணிக்கைக்கு வரம்பு வகுக்க வேண்டியது அதுவே என்பதை இயற்பியலும் உடலியங்கியலும் தெளிவாகக் காட்டுகின்றன.

ஒரு சுற்றில் நிகழ்வது

ஒரே ஒரு சுற்றைக் கூர்ந்து நோக்குவோம். காம்பின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பற்றி, தலை மேலே இருக்குமாறு கதாயுதத்தை மார்புக்கு முன் செங்குத்தாக நிறுத்துகிறோம். அதை ஒரு தோளின் மேலாகப் பின்னுக்குச் சாய்க்கிறோம். தலை முதுகுக்குப் பின்னே ஊசலாக இறங்கி, தாழ்நிலையைக் கடந்து, மறுபக்கம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் வேகம் அடங்குமுன் கைகளை இழுத்து, மறுதோளின் மேலாக அதை முன்னே கொணர்ந்து மீண்டும் செங்குத்தாக நிறுத்துகிறோம். முழுச் சுற்று முடிய இரண்டு மூன்று நொடிகளே ஆகும்.

இதில் இருவகைச் சுமைகள் உள்ளன. முதலாவது திருப்புவிசை. 7 கிலோ கதாயுதத்தின் ஈர்ப்பு மையம் பிடியிலிருந்து 0.8 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். அது கிடைமட்டமாக நிற்கும் கணத்தில் பிடியின்மேல் விழும் திருப்புவிசை ஏறத்தாழ 55 நியூட்டன் மீட்டர். அதே 7 கிலோ எடையுள்ள டம்பெல்லின் ஈர்ப்பு மையம் உள்ளங்கைக்குள்ளேயே இருப்பதால் அது பிடியைத் திருப்ப முயல்வதே இல்லை. நிறுவையில் சமமான இரு கருவிகளும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் சமமல்ல.

இரண்டாவது, ஊசலின் இழுவிசை. எடை முழுதும் தலையில் குவிந்திருப்பதாகவும் பிடி அசையாமல் நிற்பதாகவும் கொண்டால் கணக்கு எளிது. கிடைமட்ட நிலையிலிருந்து விழும் ஊசல் தாழ்நிலையைக் கடக்கும்போது தன் எடையைப் போல் 3 மடங்கு விசையால் பிடியை இழுக்கும். உச்சியிலிருந்து விழுந்தால் 5 மடங்கு. எனவே 7 கிலோ தலை ஒரு கணம் 21 கிலோவாகவும் 35 கிலோவாகவும் கனக்கும். பயிற்சி பெற்றவர் கைகளை வளைவாக நகர்த்தி இவ்விசையைத் தணித்துக்கொள்கிறார். அதுவே இக்கலையின் நுட்பம். சோர்வு மிகும்போது முதலில் கைவிட்டுப் போவதும் அந்நுட்பமே. ஆகவே நானூறாவது சுற்றின் இழுப்பு நாற்பதாவது சுற்றின் இழுப்பைவிடக் கடுமையாகலாம், கருவியின் எடை ஒரு கிராமும் கூடாமலேயே.

இவ்விழுப்பைத் தாங்கும் தோள், உடலின் மூட்டுகளுள் மிகுந்த அசைவுரிமை பெற்றது. அவ்வுரிமைக்கு ஈடாக அது உறுதியை இழந்திருக்கிறது. மேற்கை எலும்பின் பந்து போன்ற தலையில், எந்நிலையிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியோடு பொருந்துவதில்லை. பந்தைக் குழியில் நிலைநிறுத்தும் பொறுப்பு பெரும்பாலும் நான்கு சிறு சுழல்தசைகளையும் அவற்றின் தசைநாண்களையும் சார்ந்தது. கதாயுதம் முதுகுக்குப் பின் இறங்கும் ஒவ்வொரு முறையும் பந்தைக் குழியிலிருந்து பெயர்க்க முயலும் விசையை இந்நான்கும் எதிர்த்து நிற்கின்றன.

தசையின் வலி

சுமையைத் தூக்கும்போது தசை சுருங்குகிறது. இறங்கும் சுமையைத் தடுக்கும்போதோ, இறுக்கத்தோடே நீள்கிறது. இந்த நீள்நிலை இறுக்கமே தசை இழைகளில் நுண்சிதைவுகளை மிகுதியாக விளைவிப்பது. கதாயுதம் இறங்கும்போது முதுகுத் தசைகளும் தோள்தசைகளும் முழங்கைக்கு மேலுள்ள முத்தலைத் தசையும் இவ்வாறே உழைக்கின்றன. மறுநாள் தொடங்கி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடையும் வலியின் வேர் இதுதான். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் தியோடர் ஹஃப் 1902ஆம் ஆண்டிலேயே இவ்வலிக்குத் தசையினுள் நேரும் சிதைவே காரணம் என்று கருதினார். லாக்டிக் அமிலம் தேங்குவதால் இவ்வலி வருகிறது என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. ஆனால் உழைப்பு நின்ற ஒரு மணி நேர அளவிலேயே அந்த அமிலம் குருதியிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இரண்டாம் நாள் வலிக்கு அதைப் பழிப்பது முறையன்று.

தசை விரைந்து கற்கும் இயல்புடையது. ஒருமுறை இத்தகைய உழைப்பைக் கண்ட தசை, சில வாரங்களுக்குள் அதே உழைப்பை மீண்டும் சந்தித்தால் வலியும் சிதைவும் வெகுவாகக் குறைகின்றன. குருதியோட்டம் செழித்த திசு அது. புரத ஆக்கம் ஓரிரு நாள்களிலேயே பழுதைச் சீர்செய்யத் தொடங்கிவிடும். மூன்றாம் வாரத்தில் 300 சுற்றுகள் எளிதாகத் தோன்றுவது இதனால்தான். இந்த எளிமையை முழு உடலின் ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்தான் தீங்கு தொடங்குகிறது.

தசைநாணின் காலம்

தசைநாண் கொலாஜன் என்னும் புரத இழைகள் நெருங்கி அடுக்கப்பட்ட வெண்ணிறக் கற்றை. அதில் குருதிக் குழாய்கள் குறைவு, உயிரணுக்களும் குறைவு. அது எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதை வியப்பூட்டும் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. 1955 முதல் 1963 வரை வளிமண்டலத்தில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. சோதனைகள் நின்றபின் படிப்படியாகக் குறைந்தது. உண்ணும் உணவின் வழியே அக்கார்பன் மனித உடலிலும் பதிந்தது. எனவே ஒரு திசுவின் கார்பன்-14 அளவைக் கொண்டு அது எந்த ஆண்டுகளில் உருவானது என்று கணிக்கலாம். டென்மார்க் அறிஞர்கள் இவ்வழியில் குதிகால் தசைநாணை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். தசைநாணின் உள்மையம் ஒருவரின் வாழ்வில் முதல் 17 ஆண்டுகளுக்குள் அமைந்துவிடுகிறது. அதன்பின் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதே மனிதரின் தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டே வந்திருந்தது.

இதனால் தசைநாண் பயிற்சிக்குச் செவிசாய்ப்பதில்லை என்று கொள்ளலாகாது. தக்க சுமையை மாதக்கணக்கில் ஏற்றால் அது விறைப்பும் உறுதியும் பெறுகிறது. அதன் நடையே வேறு. கடும் உழைப்புக்குப்பின் கொலாஜன் ஆக்கமும் சிதைவும் ஒருங்கே உயர்கின்றன. தொடக்கத்தில் 24 முதல் 36 மணி நேரம் வரை சிதைவின் கை ஓங்கியிருக்கும். அதன் பின்னரே ஆக்கம் முந்துகிறது. அந்த ஆதாயம் 72 மணி நேரம் வரை தொடரலாம். நாள்தோறும் கடும் எண்ணிக்கையைச் சுமத்துபவர் ஆக்கம் முந்துவதற்குமுன் சிதைவை மீண்டும் தூண்டிவிடுகிறார். செலவு எழுதப்படுகிறது, வரவு எழுத இடம் கிடைப்பதில்லை. பல வாரங்கள் ஒன்றும் தெரியாது. பின்னர் முழங்கையின் உட்புறமோ தோளின் முன்புறமோ மெல்ல நோகத் தொடங்கும். அந்நோவு மாதங்கள் கழிந்தும் விடாது.

தசைநாணை ஒத்த பிணைநார்களை ஆய்வகத்தில் வளர்த்து அவற்றில் நடந்த சோதனை இன்னொரு பயனுள்ள உண்மையைத் தந்தது. அவற்றை இழுத்து விடும்போது உயிரணுக்களின் வளர்ச்சிக் குறிகை 10 நிமிட அளவில் உச்சமடைந்தது. அதன்பின் இழுத்தாலும் பயனில்லை. மீண்டும் செவிசாய்க்க அவற்றுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் தேவைப்பட்டது. ஆய்வகத் திசு வேறு, வாழும் தோள் வேறு. ஆயினும் ஒரே அமர்வில் 400 சுற்றுகளைக் குவிப்பதைவிடக் காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் என்று பகிர்வது அறிவுடைமை என்பதற்கு இது வலுவான குறிப்பு.

மீட்சியின் ஒழுங்கு

இவற்றிலிருந்து பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு பிறக்கிறது. எண்ணிக்கை மிகுந்த நாள்கள் வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டா. அத்தகைய இரு நாள்களுக்கு இடையே 48 மணி நேரமாவது கழியட்டும். இடைநாள்களில் இலேசான கர்லாக்கட்டையைச் சில நிமிடங்கள் சுழற்றலாம், நடக்கலாம். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எடையையும் எண்ணிக்கையையும் ஒரே வாரத்தில் உயர்த்துதல் கூடாது. இடம், வலம் இரு திசைகளிலும் சுற்றுகள் சமமாகட்டும். பிடியில் மேலிருக்கும் கையையும் கீழிருக்கும் கையையும் மாற்றிப் பிடிக்க வேண்டும்.

உழைப்பை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பயிற்சி முடிந்தபின் அதன் கடுமைக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குக. 20 நிமிடம், கடுமை 6 என்றால் சுமை 120. அமெரிக்க அறிஞர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய இம்முறை இன்று உலகெங்கும் விளையாட்டுப் பயிற்சியில் கையாளப்படுகிறது. வாரச் சுமையைக் கூட்டிப் பார்த்தால் திடீர் ஏற்றங்கள் கண்ணுக்குத் தெரியும். காயங்கள் பல அவ்வேற்றங்களைத் தொடர்ந்து வருகின்றன.

மறுநாள் காலையில் தோளைச் சோதிப்பது அதனினும் எளிது. கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்துக. 60 பாகை முதல் 120 பாகை வரையிலான இடைவெளியில் மட்டும் வலி தோன்றி மறைந்தால், தோளின் மேற்புறத் தசைநாண் உறுத்தப்படுகிறது என்று ஐயுறலாம். தசை முழுதும் பரவிய மந்தமான வலி சில நாள்களில் தானே ஆறும். விரலால் சுட்டத்தக்க ஓரிடத்தில் வலி நின்று, நேற்றைவிட இன்று மிகுந்திருந்தால் அன்றைய சுழற்சியைக் கைவிடுவதே முறை.

உணவின் பங்கும் பெரிது. 1966இல் சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் தம் உடலையே ஆய்வுக்களமாக்கினர். ஒரே மிதிவண்டிக் கருவியின் இருபுறமும் அமர்ந்து ஆளுக்கு ஒரு காலால் மிதித்து, அக்காலின் தசையில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைக்கோஜனைத் தீர்த்தனர். பின் மூன்று நாள்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்ந்திருந்த காலைவிட ஏறத்தாழ இரு மடங்கு சேர்ந்தது. உழைத்த தசையே உணவை ஆர்வத்தோடு ஏற்கிறது என்பது இதன் பொருள். சோற்றை அஞ்சி ஒதுக்கிவிட்டு நூற்றுக்கணக்கான சுற்றுகளைச் சுழற்றுவது தகாது. நலமுள்ளவர் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு புரதம் பெற்றால் தசை வளர்ச்சிக்குப் பெரும்பாலும் போதும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை மனம்வைத்துச் சேர்த்தால் நம் அன்றாட உணவிலேயே இதை எட்டலாம். முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. உறக்கத்தைக் குறைத்து வைகறைப் பயிற்சிக்கு எழுபவர் தம் ஆதாயத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார். பயிற்சி முடிந்தவுடன் குளிர்நீரில் அமிழ்வது இதமளிக்கும். ஆனால் 2015இல் வெளியான ஆய்வொன்றில், 12 வாரங்கள் அவ்வாறு செய்தோருக்குத் தசை வளர்ச்சி குறைந்தே கிடைத்தது.

எண்ணிக்கை மோகத்தின் கொடிய விளைவையும் சொல்லாமல் விடலாகாது. பழகாத உடல் ஒரே நாளில் அளவிறந்த சுற்றுகளைச் சுமந்தால் தசை இழைகள் உடைந்து, மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் குருதியில் கலந்து, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கிடையே நசுங்கியோரிடம் இச்சிறுநீரகச் செயலிழப்பை பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர்கள் விளக்கி எழுதினர். தசை உடைவது ஒன்றே. அது இடிபாட்டாலும் நேரும், அளவுமீறிய பயிற்சியாலும் நேரும். கை வீங்கி, தாங்கொணா வலியோடு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வெளியேறினால் ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெயிலும் நீர்க்குறைவும் இவ்விடரைப் பெருக்கும். சித்திரை வைகாசி மாதங்களில் புதியவரைத் திறந்தவெளியில் ஆயிரம் சுற்றுக்கு ஏவும் பயிற்றுநர் பெரும் பிழை செய்கிறார்.

கதாயுதம் நல்ல கருவி. பிடியின் உறுதியையும் முதுகின் ஆற்றலையும் மூச்சின் நெடுமையையும் ஒருங்கே வளர்க்கும் கருவிகள் சிலவே உள்ளன. அவற்றுள் இது முதல் வரிசையில் நிற்கத்தக்கது. இருபது வயதில் இதை எடுப்பவர் அறுபதிலும் சுழற்ற வேண்டும் என்பதே என் விழைவு. அதற்குப் பயிற்சிக் குறிப்பேட்டில் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு அருகே இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும்: முந்தைய இரவு உறங்கிய மணி நேரம், மறுநாள் காலைத் தோளின் நிலை. அடுத்த நாளின் எண்ணிக்கையை அவ்விரண்டு பத்திகளும் வகுக்கட்டும். ஓய்வு நாளையும் பயிற்சி நாளாகவே எழுதக் கற்பிக்கும் ஆசானே தம் மாணவரின் தோளைக் காப்பவர்.