திரையில் ஓடும் ஆங்கிலப் பாடம்: நம் பிள்ளைகள் எழுதுகிறார்களா?

பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம், "இன்னைக்கு இங்கிலீஷ் வகுப்பில் என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "பிபிடி போட்டாங்க, பார்த்து எழுதிக்கிட்டோம்" என்று பதில் வந்தால், அந்தப் பதிலை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்துவது தவறல்ல. கரும்பலகையில் காட்ட முடியாததைத் திரையில் காட்டலாம். ஆனால் பாடநூலில் உள்ள பத்தியையும் கைடில் உள்ள விடையையும் அப்படியே திரைக்கு மாற்றி, ஆசிரியர் அதை வாசிக்க, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினால் அங்கே ஆங்கிலம் வளராது. கையெழுத்து வேண்டுமானால் வளரும்.

பவர்பாயிண்ட் 1987-இல் வெளிவந்தது. அது அலுவலகக் கூட்டங்களுக்காக உருவான மென்பொருள். வரிக்கு முன் புள்ளி வைத்து நான்கு சொல்லில் விஷயத்தை முடிப்பது கணக்கு வழக்கு பேசுகிறவர்களுக்குச் சரி. ஒரு கதையை நான்கு புள்ளிகளாக்கினால் கதை எங்கே போகும்?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' கதையையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் அயர்லாந்தின் அரன் தீவில் பிறந்த லியாம் ஓ'ஃப்ளாஹெர்ட்டி. சீகல் என்னும் கடற்பறவையின் குஞ்சு ஒன்று பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியே நிற்கிறது. உடன்பிறந்தவை எல்லாம் பறந்துவிட்டன. தாய்ப்பறவை மீனைக் கவ்விக்கொண்டு அருகே வந்து நின்றுவிடுகிறது. பசி தாங்காமல் மீனை நோக்கிப் பாய்ந்த குஞ்சு கீழே விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது.

இந்தப் பாடத்துக்கு மூன்று ஸ்லைடு போதும் என்போம். முதலாவது, அரன் தீவின் செங்குத்தான கடற்பாறையின் படம். அந்த உயரத்தைப் பார்த்தால்தான் குஞ்சின் பயம் பிள்ளைக்குப் புரியும். இரண்டாவது, 'லெட்ஜ்' போன்ற நான்கைந்து கடினச் சொற்கள். மூன்றாவது, ஒரே ஒரு கேள்வி: குஞ்சைப் பறக்க வைத்தது துணிச்சலா, பசியா?

கேள்வியைக் காட்டியதும் திரையை அணைத்துவிட வேண்டும். ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கருப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். இது தெரியாத ஆசிரியர்கள் நிறைய. திரை இருண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை தன் சொந்த ஆங்கிலத்தில், பிழையோடுதான் என்றாலும், எழுதுவதே உண்மையான பாடம்.

அதன்பின் ஒரு மாணவர் எழுதிய வரியை, பெயர் இல்லாமல், திரைக்குக் கொண்டுவரலாம். 'தி பேர்ட் வாஸ் வெரி ஹங்ரி' என்று எழுதியிருக்கிறார் என்று வைப்போம். பிழை ஒன்றும் இல்லை, ஆனால் பசி தெரியவில்லை. மூலக்கதையில் அந்தக் குஞ்சு காய்ந்த முட்டை ஓட்டைக்கூடக் கொறித்துப் பார்க்கிறது. "அதை வைத்து இந்த வரியை மாற்றுங்கள்" என்று வகுப்பைக் கேட்டு, எல்லார் கண்முன்னும் அந்த வரியைத் திருத்திக் காட்டலாம். சொல்லை வெட்டுவது, இடம் மாற்றுவது, மறுபடி வாசித்துப் பார்ப்பது எல்லாம் திரையில் நடக்கும். நல்ல எழுத்து முதல் தடவையிலேயே வந்துவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கரும்பலகையில் இதைச் செய்வதற்குள் மணி அடித்துவிடும்.

மல்டிமீடியா கல்வி பற்றி ஆய்வு செய்த ரிச்சர்ட் மேயர் போன்றோர், படத்தோடு ஆசிரியரின் விளக்கமும் இருக்கும்போது அதே சொற்களைத் திரையில் எழுத்தாகவும் நிரப்பினால் கற்றல் குறையக்கூடும் என்கிறார்கள். அதேசமயம், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்குக் கடினச் சொற்களைத் திரையில் காட்டுவது உதவும். ஆகவே எழுத்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறோம்.

இனி வீட்டு விஷயம். ஸ்லைடு கோப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால் படித்து முடித்ததுபோல ஒரு நிம்மதி நமக்கு வந்துவிடுகிறது. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு போனை வாங்கி வைத்துக்கொண்டு, அதையே ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு மதிப்பெண் பட்டியலோடு அந்தத் தாளையும் எடுத்துப்போய் ஆசிரியரிடம் காட்டுங்கள்.