சூடேறும் மடிக்கணினி: திரையை மாற்றுமுன் சற்று யோசியுங்கள்!

தலவாக்கலையைத் தாண்டி ரயில் வட்டகொடையை நெருங்கும்போதே யன்னலை மூடிவிடத் தோன்றும். கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் அமைந்த ஊர் இது. இந்தக் குளிரில் ஒரு கணினி சூட்டினால் நோயுறும் என்று யாராவது கூறியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால், எங்கள் வீட்டிலேயே அது நடந்தது.

உயர்தரம் படிக்கும் என் மகள் பாவிக்கும் மடிக்கணினிக்கு வயது எட்டு. இரவில் அரை மணித்தியாலம் படித்ததும் திரையில் கோடுகள் ஓடும். பின்னர் முற்றாக இருண்டுவிடும். காலையில் ஒன்றுமே நடவாதது போல் வேலை செய்யும். நகரக் கடையொன்றில் காட்டினேன். "திரை பழுது மௌலவி, புதிதாகத்தான் போட வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை கையில் இல்லாததால் திரும்பி வந்தேன். கையில் காசில்லாததும் சில வேளை நன்மையாகவே முடிகிறது!

கணினி திருத்தும் தொழில் கற்ற என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஹஸரத், தங்கச்சி இதை எங்கே வைத்துப் படிக்கிறா?"

கட்டிலில், கம்பளிப் போர்வையின் மேல்! குளிருக்குப் பிள்ளைகள் வேறெங்கே அமர்வார்கள்?

நோய் எங்கே, வலி எங்கே?

மடிக்கணினியின் உள்ளே செயலியும், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பும் ஓயாது சூட்டை வெளியிடுகின்றன. ஒரு செப்புக் குழாய் அந்தச் சூட்டைச் சுமந்து சென்று மெல்லிய தகடுகளில் சேர்க்கிறது. சிறிய மின்விசிறி அதை வெளியே தள்ளுகிறது. விசிறிக்கு வேண்டிய காற்று பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகளால் உள்ளே வருகிறது. போர்வை அத்துளைகளை அடைத்துவிட்டால் என்னவாகும்? மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறச் சொல்வது போலத்தான்!

போர்வை நூலும் தூசியும் விறகடுப்புப் புகையின் கரியும் சேர்ந்து அந்தத் தகடுகளில் திரைச்சீலைபோல் படிகின்றன. சிப்புக்கும் செப்புக்கும் இடையில் பூசப்பட்ட பசையும் சில ஆண்டுகளில் காய்ந்து போகிறது. சூடு 100 பாகை செல்சியஸை அண்மித்ததும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் கணினி அணைந்துவிடும். கிராபிக்ஸ் சிப் தடுமாறும்போதோ திரையில் கோடுகளும் கட்டங்களும் தோன்றும். நோய் அடியில், வலி தெரிவது திரையில். பழுது திரையில்தான் என நாம் ஏமாந்து விடுகிறோம்.

காசு கொடுக்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

1. எச்.டி.எம்.ஐ. வயரினால் கணினியைத் தொலைக்காட்சியுடன் இணையுங்கள். அங்கே படம் தெளிவாக இருந்தால் பழுது பெரும்பாலும் திரையில் அல்லது அதற்குச் செல்லும் வயரில் உள்ளது. அங்கேயும் கோடுகள் தெரிந்தால் திரையை மாற்றிப் பயனில்லை.

2. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைவுக்கேற்பப் படம் வந்து மறைந்தால், கீல் அருகே தேய்ந்த வயரைச் சந்தேகியுங்கள்.

3. இருண்ட திரையில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது.

4. நேரத்தைக் கவனியுங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இயங்கி, சூடேறிய பின் மட்டுமே குழப்பம் வந்தால் முதற் குற்றவாளி சூடுதான்.

எங்கள் கணினி நான்காம் வகை. மாணவர் அதைத் திறந்தபோது தகடுகளை மறைத்துச் சாம்பல் நிறப் பஞ்சுப் படலம்! அதை அகற்றிப் பசையை மாற்றினார். அன்றிலிருந்து கோடுகள் இல்லை.

கவனிக்க வேண்டியவை

துப்புரவு செய்யுமுன் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். கழற்றக்கூடிய பற்றரியானால் கழற்றிவிடுங்கள். விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே செல்லும். மூடுபனியில் நனைந்து குளிர்ந்த கணினியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்ததும் இயக்காதீர்கள். உள்ளே நீர்த்துளி படிந்திருக்கலாம். சற்று நேரம் ஆறவிடுங்கள். அடுப்பருகே வைத்து உலர்த்தவும் வேண்டாம். பற்றரி வீங்கி விசைப்பலகை மேலெழுந்திருந்தால் உடனே பாவனையை நிறுத்துங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

பெரிய நிறுவனமும் தப்பவில்லை

சூடேறுவதும் ஆறுவதும் திரும்பத் திரும்ப நடந்தால் சிப்பின் நுண்ணிய ஈயப்பற்றுகள் வெடிக்கக்கூடும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றின் பொதியமைப்பில் பலவீனம் இருப்பதை ஏற்று, அதன் செலவுகளுக்காக 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல், எச்.பி., ஆப்பிள் கணினிகளும் பாதிக்கப்பட்டன. விசிறி கூடுதலாகச் சுழலும்படி மென்பொருள் திருத்தங்களும் வெளியிடப்பட்டன. அத்தனை பெரிய நிறுவனங்களே முதலில் நாடிய மருந்து காற்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

இத்தகைய சிப்பைச் சூடாக்கி மீண்டும் ஒட்டவைக்கும் வைத்தியம் சில கடைகளில் உண்டு. அது பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோதான் நிற்கும். அவ்வாறு உயிர்ப்பித்த கணினியை, விடயத்தைச் சொல்லாமல் இன்னொருவருக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கம் தடுத்த மோசடி என்பதை வியாபாரச் சகோதரர்கள் மறந்துவிடலாகாது. பாவித்த கணினி வாங்குவோரும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் காசை நீட்டாமல், ஒரு மணித்தியாலமாவது ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரு கருவி இல்லாத வீட்டில் பிள்ளையின் படிப்பு எப்படி நின்றுபோனது என்பதை மலையகத்தில் நாம் கண்ணால் கண்டோம். 2022இன் நெருக்கடிக்குப் பின் புதிய கணினி பல குடும்பங்களுக்கு எட்டாக்கனி. எனவே, இருப்பதைப் பேணுவதும் கல்விக்குச் செய்யும் உதவியே.

இப்போது எங்கள் வீட்டில் போர்வை மகளின் தோளில் இருக்கிறது. கணினி ஒரு பலகையின் மேல் இருக்கிறது. இன்றிரவு உங்கள் பிள்ளையின் கணினி எதன் மேல் இருக்கிறதென்று ஒருமுறை எட்டிப் பாருங்களேன்!