ஆடத் தெரிந்தால் போதுமா? – விளையாட்டுப் பயிற்றுநர்களின் பட்டமேற்கல்வி

மருத்துவம் பார்க்கப் பட்டம் வேண்டும். நீதிமன்றத்தில் வழக்காடப் பட்டம் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஆனால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒருவரிடம் அழைத்துச் சென்று, “இவனை நல்ல ஓட்டக்காரனாக்குங்கள்” என்று ஒப்படைக்கும்போது, அவர் என்ன படித்திருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. “ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்” என்ற ஒரு தகுதியே போதும் என்று எண்ணிவிடுகிறோம். வளரும் பருவத்து எலும்பும் தசையும், திரும்பி வாராத இளமை ஆண்டுகளும் அவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. அப்படியிருக்க, இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை ஆராய்வதும், பயிற்றுநர் ஒருவரை உருவாக்கும் உயர்கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடற்கல்வி ஆசிரியரும் பயிற்றுநரும்

இவ்விருவரையும் ஒருவரே என்று மயங்குவோர் பலர். உடற்கல்வி ஆசிரியர் பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள மாணவர் அனைவருக்கும் உரியவர். விளையாட்டில் ஆர்வம் இல்லாத மாணவனும் உடல்நலத்தோடு வளர வேண்டும் என்பது அவருடைய குறிக்கோள். பயிற்றுநரோ ஒரே விளையாட்டை ஆழமாகக் கற்று, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரைப் போட்டிக்கு ஆயத்தம் செய்பவர். முன்னவர் பொதுமருத்துவர் என்றால் பின்னவர் சிறப்பு மருத்துவர் எனலாம்.

உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில் நம் தமிழகத்துக்கு நெடிய மரபு உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, இந்தியாவில் இத்துறைக்கு வழிகாட்டியாக அமைந்தது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆனால் பயிற்றுநர் கல்வி என்பது இவற்றிலிருந்து சற்றே வேறான கிளை. அது இந்தியாவில் வேரூன்றிய இடம் பாட்டியாலா.

பாட்டியாலாவின் பங்கு

1961-இல் பஞ்சாபிலுள்ள பாட்டியாலா நகரில், முன்னாள் மன்னரின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1973-இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸின் பெயர் சூட்டப்பட்டது. ஹாக்கி மேதை தயான்சந்த் அங்கே தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றினார். பட்டம் பெற்றவராகவும், தாம் தேர்ந்த விளையாட்டில் குறிப்பிட்ட அளவுக்கேனும் போட்டியிட்டவராகவும் இருப்போரைச் சேர்த்துக்கொண்டு பட்டயப் பயிற்சி அளிப்பது இந்நிறுவனத்தின் வழக்கம். பின்னர் முதுநிலைப் பட்டப் படிப்பும் தொடங்கப்பட்டது. 1984-இல் நிறுவப்பட்ட இந்திய விளையாட்டு ஆணையத்துடன் 1987-இல் இந்நிறுவனம் இணைந்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மணிப்பூரில் அமைந்த தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகமும் விளையாட்டுப் பயிற்சியில் இளநிலை, முதுநிலைப் படிப்புகளை மேற்கொண்டது.

இக்கல்வியால் விளைந்த பயனுக்குச் சான்று ஒன்று கூறலாம். விமானப்படையில் பணிபுரிந்து, பாட்டியாலாவில் பயிற்சி பெற்றவர் கேரளத்தின் ஓ. எம். நம்பியார். அவர் கண்டெடுத்து வளர்த்தவர் பி. டி. உஷா. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. குறுகிய தூர ஓட்டங்களில் ஓடிவந்த உஷாவை அந்தப் புதிய போட்டிக்குத் திருப்பினார் நம்பியார். உஷா 55.42 விநாடிகளில் ஓடி, ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். தம் மாணவியின் வேகத்தையும் தாங்கும் ஆற்றலையும் எடைபோட்டு, அவற்றுக்கு ஏற்ற போட்டி எது என்று தெரிவு செய்த அறிவே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. 1985-இல் துரோணாச்சாரியார் விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதலில் பெற்ற மூவருள் நம்பியாரும் ஒருவர்.

செய்வது வேறு, செய்வதை அறிவது வேறு

நன்றாக ஆடியவரால் நன்றாகக் கற்பிக்க இயலாதா என்ற வினா எழலாம். இயலும், ஆனால் ஆடியதனாலேயே இயன்றுவிடாது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகாதவர்க்குச் சில உவமைகள் கூறுகிறார். அவற்றுள் ஒன்று பருத்திக் குண்டிகை. குறுகிய வாயுள்ள குடுவைக்குள் திணித்த பஞ்சை வெளியே எடுப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் சிலரிடமிருந்து அவர்கள் கற்றதைப் பெறுவது. மற்றொன்று கழற்பெய்குடம். குடத்தில் போட்ட கழற்சிக்காய்கள் போட்ட முறைப்படி வாராமல் தாறுமாறாக வந்து விழுவதுபோல, முறைமாறிச் சொல்லிக் கொடுப்பவர் இவர். விளையாட்டுக் களத்திலும் இவ்விரு வகையினரையும் நாம் காணலாம்.

இக்கருத்துக்கு அறிவியல் துணை செய்தவர் அமெரிக்க நீச்சல் பயிற்றுநர் ஜேம்ஸ் கவுன்சில்மேன். தாமும் நீச்சல் வீரராக இருந்த அவர், ஐயோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1957 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக விளங்கினார். நீருக்கடியில் வீரர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். கையை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும் என்பது அதுவரை பலரும் கற்பித்து வந்த பாடம். ஆனால் சிறந்த வீரர்களின் கை நீருக்குள் வளைந்த பாதையில் செல்வதைப் படங்கள் காட்டின. 1968-இல் வெளியான அவருடைய நீச்சல் அறிவியல் நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. அவரிடம் பயின்ற மார்க் ஸ்பிட்ஸ் 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்றார்.

கவுன்சில்மேன் அவ்வளைவுக்குக் கூறிய காரணத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பட்டம் பெற்ற நாளோடு படிப்பை நிறுத்திக்கொள்ளும் பயிற்றுநர், சில ஆண்டுகளில் பழைய பாடத்தையே ஒப்பிப்பவராகிவிடுவார்.

பட்டம் பெறாத மேதை

இதற்கு மாறான சான்றையும் மறைக்கக் கூடாது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். ஆனால் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், முரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றனர். அப்படியானால் பட்டம் எதற்கு?

லிடியார்டு பல ஆண்டுகள் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கினார். எவ்வளவு தூரம் ஓடினால் உடல் வலுப்பெறும், எங்கே தளரும் என்பதைத் தாமே ஓடி ஓடிக் கண்டறிந்தார். ஒவ்வொரு பயிற்றுநரும் அவ்வாறு தொடக்கத்திலிருந்து கண்டறிய வேண்டுமானால் அதற்கு ஆயுள் போதாது. தம் உடலுக்குப் பதிலாக மாணவர்களின் உடலை ஆய்வுப் பொருளாக்கும் அபாயமும் உண்டு. ஒருவர் அரும்பாடுபட்டுக் கண்டதை ஆயிரம் பேர் சில ஆண்டுகளில் கற்றுக்கொள்ளச் செய்வதே கல்வியின் பயன். ஸ்நெல்லும் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அமெரிக்காவுக்குச் சென்று உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளரானார்.

கற்க வேண்டியவை யாவை?

பயிற்றுநர் கல்வியின் முதற்பாடம் சுமையும் ஓய்வும் பற்றியது. கடும் பயிற்சிக்குப்பின் உடலின் ஆற்றல் குறைகிறது. ஓய்வில் அது பழைய நிலைக்கு மீண்டு, சற்று மேலும் உயர்கிறது. அந்த உயர்ந்த வேளையில் அடுத்த சுமையை ஏற்றினால் வீரர் படிப்படியாக முன்னேறுவார். முன்னதாகவே ஏற்றினால் களைப்பு மேல் களைப்பு சேர்ந்து உடல் நொடிந்துபோகும். மிகத் தாமதித்தால் பெற்ற பயன் கரைந்துபோகும். “இன்னும் பத்துச் சுற்று ஓடு” என்று சொல்வது எளிது. “இன்று போதும், வீட்டுக்குப் போ” என்று சொல்வதற்கே அறிவு வேண்டும்.

இரண்டாவது, ஆண்டு முழுமைக்கும் திட்டமிடுதல். ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இடைமாற்றக் காலம் என ஆண்டைப் பகுத்துப் பயிற்சியளிக்கும் முறையைச் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் 1960-களில் நூல்வடிவில் விளக்கினார். மூன்றாவது, பிற துறையாரோடு சேர்ந்து உழைத்தல். ஜெர்மனியில் வோல்டமார் கெர்ஷ்லர் என்னும் பயிற்றுநரும், ஹெர்பர்ட் ரைண்டல் என்னும் இதய மருத்துவரும் இணைந்து, இடைவெளி விட்டு விரைந்தோடும் பயிற்சி முறையை வகுத்தனர். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடிகளில் ஓடி நிறுவிய உலகச் சாதனை 1955 வரை நிலைத்தது.

இவற்றோடு உடற்கூற்றியல், உடலியக்க விசையியல், உளவியல், உணவியல், காயங்களுக்கு முதலுதவி ஆகியவையும் பாடங்களாகும். இவை ஏட்டுச் சுரைக்காய்கள் அல்ல. பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் உடல் உறுதிப்படாது என்று நம்பித் தண்ணீர் மறுத்த காலம் ஒன்று இருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவ்வாறு செய்வது உயிருக்கே உலை வைக்கும். வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதையும், சிறுவர்களின் எலும்பு முனைகளில் வளரும் பகுதி மென்மையானது, ஒரே அசைவை ஓயாமல் செய்தால் அங்கே காயம் ஏற்படும் என்பதையும் பயிற்றுநர் அறிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் காப்பாற்றப்படுவார்கள்.

களமே ஆய்வுக்கூடம்

இவ்வளவையும் வகுப்பறையில் படித்துத் தேர்வெழுதி முதல் வகுப்பில் தேறிய ஒருவர் நல்ல பயிற்றுநர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். மருத்துவ மாணவர் நோயாளியின் கட்டிலருகே மூத்த மருத்துவரின் கண்காணிப்பில் கற்பதுபோல, பயிற்றுநர் மாணவரும் களத்தில் கற்க வேண்டும். ஓர் அணியை ஒரு பருவம் முழுவதும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் திட்டம் எழுத வேண்டும். நாள்தோறும் குறிப்பேடு வைக்க வேண்டும். திட்டம் எங்கே பிழைத்தது என்று மூத்தவரிடம் விளக்க வேண்டும். அவர் பேசும் முறை, பிழை திருத்தும் முறை, தோற்ற பிள்ளையைத் தேற்றும் முறை ஆகியவை மதிப்பிடப்பட வேண்டும். களப்பயிற்சி இல்லாத முதுநிலைப் பட்டம் கரையில் நின்று கற்ற நீச்சலுக்கு ஒப்பாகும்.

அறிவும் அறமும்

அறிவும் அனுபவமும் இருந்தும் அறம் இல்லையேல் என்னவாகும் என்பதற்கு வரலாறே சான்று. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1950-இல் நிறுவப்பட்ட உடற்கல்வி உயர்கல்லூரி, பயிற்றுநர் கல்வியில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால் அந்நாட்டு அரசு 1970-களில் இரகசியத் திட்டம் வகுத்து, வயது வராத சிறுமியருக்கும் ஊக்க மருந்துகளைக் கொடுக்கச் செய்தது. கொடுத்தவர்களுள் படித்த பயிற்றுநர்களும் மருத்துவர்களும் இருந்தனர். பதக்கங்கள் குவிந்தன; பின்னாளில் பலரின் உடல்நலம் சீர்கெட்டது. அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மன்ஃபிரெட் ஏவால்ட் குற்றவாளி என 2000-இல் பெர்லின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பயிற்றுநர் கல்வியில் அறம் என்பது கடைசி வாரத்தில் நடத்தி முடிக்கும் பாடமாக இருத்தல் ஆகாது. வீரரின் நலனா, வெற்றியா என்ற நிலை வரும்போது எதைத் தேர்வது என்பதே இக்கல்வியின் இறுதித் தேர்வாகும்.

முடிவுரை

ஆடத் தெரிந்திருப்பது பயிற்றுநருக்கு நல்ல தொடக்கம். அதுவே முடிவு ஆகிவிடாது. அறிவியல் அறிவு, கற்பிக்கும் திறம், மூத்தவரின் கண்காணிப்பில் களப்பயிற்சி, அறவுணர்வு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அக்கல்வி நிறைவு பெறும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதன் விலையைக் கொடுப்பவர் பயிற்றுநர் அல்லர். அவரை நம்பி வந்த பிள்ளையே.

நம் போன்ற அரசுக் கல்லூரிகளில் பயில்வோர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. விளையாட்டில் ஈடுபாடு கொண்ட மாணவர் பலர், மாநில அணியில் இடம் கிடைக்காதபோது விளையாட்டோடு தமக்குள்ள உறவு முடிந்துவிட்டதாக எண்ணி ஒதுங்கிவிடுகின்றனர். விலங்கியலும் உளவியலும் இயற்பியலும் படித்த பட்டதாரிக்கு, தாம் ஆடிய அனுபவமும் இருந்தால், பயிற்றுநர் கல்வி மிகப் பொருத்தமானது. பேராசிரியப் பெருமக்களும் இத்தகைய மாணவரை அடையாளம் கண்டு வழிகாட்டுவார்களாயின், நாளை நம் ஊர்ப்பிள்ளைகள் கற்றறிந்தவர் கையில் வளர்வார்கள். அதுவரை, நம் வீட்டுப் பிள்ளையை ஒரு பயிற்றுநரிடம் சேர்க்கும்போது, “ஐயா, தாங்கள் எங்கே பயிற்சி பெற்றீர்கள்?” என்று பணிவோடு கேட்கும் பழக்கத்தையேனும் நாம் தொடங்கி வைப்போம்.