நீர்க்கட்டி என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டாம்

“கர்ப்பப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதாம், இனிக் குழந்தை பிறக்குமா?” மதுரையிலிருந்தும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்தும் ஸ்கேன் அறிக்கையுடன் வரும் பெண்கள் பலர் கேட்கும் கேள்வி இது. மணமான சில மாதங்களிலேயே “விசேஷம் உண்டா?” என்று உறவினர் விசாரிக்கும் நம் ஊரில், அந்த ஒரு சொல்லே உறக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

அச்சொல் தவறான எண்ணத்தைத் தருகிறது. ஸ்கேனில் தெரிபவை கருப்பையில் இல்லை. அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகளில் இருக்கின்றன. அவை கட்டிகளும் அல்ல. முழு வளர்ச்சியடையாமல் நின்றுவிட்ட முட்டைகளைக் கொண்ட நுண்பைகள். அவை புற்றுநோய் அல்ல. அறுத்து அகற்ற வேண்டியவையும் அல்ல.

சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெயின், லெவன்தால் இருவரும் 1935-இல் 7 பெண்களிடம் கண்டு விவரித்த இக்குறைபாட்டை இன்று பி.சி.ஓ.எஸ். என்கிறோம். கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு. பலருக்கு, உடலில் இன்சுலின் மிகும்போது சினைப்பைகள் ஆண்மை இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால் முட்டை முதிர்ந்து வெளியேறுவது தடைப்படுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடியும் பருக்களும் தோன்றலாம்.

ஸ்கேன் மட்டும் பார்த்து இந்நோயை உறுதி செய்வதில்லை. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்மை இயக்குநீர் மிகுதி, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகள் இல்லை என்பதும் தெளிவாக வேண்டும்.

முட்டை மாதந்தோறும் வெளியேறாததால் கருத்தரிப்பு தாமதமாகலாம். ஆனால் வழி அடைபடவில்லை. உடல் எடை மிகுந்தவர்கள் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. நாள்தோறும் அரை மணி நேர நடை, இரவுப் பரோட்டாவுக்கு மாற்றாகக் கம்பு, கேழ்வரகு, காய்கறி போன்ற உணவு என்று தொடங்கலாம். தேவையெனில் முட்டை முதிர உதவும் லெட்ரோசோல் மாத்திரையை மருத்துவர் தருவார். அதைக் கடையில் தாமாக வாங்கி உண்ணுதல் கூடாது.

35 வயதுக்குட்பட்டோர் ஓராண்டு முயன்றும், அதற்கு மேற்பட்டோர் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிடில் மருத்துவரை அணுகலாம். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்திற்கு மேல் மாதவிலக்கு வராமலிருப்பதை விட்டுவைக்கலாகாது. சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: மருமகளை மட்டும் தனியே அனுப்பாதீர்கள். கணவரும் உடன் வந்து விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். காரணம் இருவரில் எவரிடமும் இருக்கலாம். பழி எவர்மீதும் இல்லை.