தானே பரவும் கான்கிரீட்டின் இளம்பருவம்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று பெரியோர் கேட்பர். இது பிள்ளைகளுக்கு மட்டுமன்று, கான்கிரீட்டுக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற மே மாதம் எங்கள் தெருவில் நேரில் கண்டேன்.

தியாகராய நகரில் பழைய வீடுகள் மறைந்து அடுக்கு மாடிகள் எழுவது யாவரும் அறிந்ததே. எங்கள் எதிர் மனையிலும் ஒன்று எழுந்தது. முன்பெல்லாம் தளம் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றுவார்கள் என்றும், வைப்ரேட்டர் நாள் முழுதும் இரையும் என்றும் அம்மா சொல்வார். அன்றோ, லாரியில் வந்த கான்கிரீட் குழாய் வழியே பாய்ந்து, கூழ் போலத் தானே பரவி மட்டமாயிற்று. இதுவே ‘தானே கெட்டிப்படும் கான்கிரீட்’ ஆகும்.

1980களில் ஜப்பானில் தேர்ந்த தொழிலாளர் குறைந்தனர். சரியாக அதிர்த்துக் கெட்டிக்காத கான்கிரீட்டில் தேன்கூடு போலப் பொத்தல்கள் விழுந்து, கட்டடங்கள் விரைவில் பழுதாயின. ஆகவே தன் எடையாலேயே கம்பிகளுக்கிடையே புகுந்து மூலை முடுக்கெல்லாம் நிரம்பும் கான்கிரீட் வேண்டுமென்று பேராசிரியர் ஹஜிமே ஒகமுரா 1986-இல் எடுத்துரைத்தார். 1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அது உருவாயிற்று. 1998-இல் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ தொங்கு பாலத்தின் நங்கூரக் கட்டடங்களில் இதைப் பயன்படுத்தியதால், இரண்டரை ஆண்டு வேலை இரண்டே ஆண்டுகளில் முடிந்தது.

இதில் ஜல்லி குறைவு. சிமெண்ட், நிலக்கரிச் சாம்பல் போன்ற நுண்தூள் அதிகம். பாலிகார்பாக்சிலேட் என்னும் ரசாயனம் சிமெண்டுத் துகள்களை ஒட்டவிடாமல் விலக்குவதால், தண்ணீரைக் கூட்டாமலே கலவை ஓடுகிறது. 30 செ.மீ. உயரக் கூம்பில் நிரப்பித் தூக்கினால், சாதாரணக் கான்கிரீட் சற்றே அமரும். இதுவோ 55 முதல் 85 செ.மீ. வரை வட்டமாகப் பரவும்.

ஆனால் இதன் இளம்பருவம் ஆபத்தானது. முதல் சில மணி நேரம் திரவம் போலிருந்து பக்கப் பலகைகளை நெட்டித் தள்ளும். சாதாரணக் கான்கிரீட்டில் மேலே கசிந்து நிற்கும் நீர் இதில் மிகக் குறைவு; ஆதலால் வெயிலும் காற்றும் பட்டால் மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்து, இறுகுமுன்பே சுருங்கி வெடிக்கும். பிறகு சிமெண்டும் நீரும் வினைபுரியும்போது வெப்பம் பிறக்கும். கனமான பகுதிகளில் உள்ளே சூடாகவும் வெளியே குளிர்ந்தும் இருப்பதால் மீண்டும் விரிசல் உண்டாகலாம்.

எதிர் மனையில் உச்சி வெயிலில் தளம் போட்டார்கள். வேலை விரைவில் முடிந்த மகிழ்ச்சியில் ஒரு சாக்குகூடப் போர்த்தாமல் போய்விட்டார்கள். மறுநாள் மாடியிலிருந்து பார்த்தேன். வறண்ட ஏரியின் தரைபோல் எங்கும் மெல்லிய விரிசல்கள்! தண்ணீர் ஊற்ற வந்த சித்தாள் அக்கா, “பச்சை உடம்புக்காரியைப் போலப் பார்த்துக்கணும் பாப்பா. கொட்டிட்டுப் போனா ஆச்சா?” என்றார். மாலையில் சிமெண்டுப் பால் பூசி விரிசல்களை மறைத்துவிட்டார்கள். ஆனால் நம் ஊரின் ஈரக் கடற்காற்றும் மழை நீரும் அவ்வழியே புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். காரை பெயர்ந்து விழும். அதன் கீழ் ஒரு குடும்பம் உறங்கும் அல்லவா?

இதைத் தடுப்பது கடினமன்று. வெயில் தாழ்ந்தபின் தளம் போட்டு, உடனே ஈரச் சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ போர்த்தி, இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். குறைந்தது 7 நாள்கள் ஈரம் காக்க வேண்டும். சாம்பல் கலந்திருந்தாலும், வறண்ட வெப்பக் காலமாயினும் 10 நாள்கள் என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி.

புதிய கான்கிரீட் மனிதரின் உழைப்பைக் குறைத்தது. அக்கறையைக் குறைக்கச் சொல்லவில்லை. மணல்மேல் கட்டிய வீடு விழுந்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். பாறைமேல் கட்டினாலும் முதல் வாரம் தண்ணீர் விடாவிட்டால் விரிசல்தான்! ஆகவே, வீடு வாங்கச் செல்லும் பெற்றோர்களே, சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதோடு, “எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள்?” என்றும் கேளுங்கள்.

— மாணவி, பத்தாம் வகுப்பு