மருந்துத் தொட்டிக்கு முன்னால்

எண்டோஸ்கோப்பைக் கிருமி நீக்குவது என்றதும் மருந்துத் தொட்டியில் ஊறவைப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் தொட்டிக்குப் போகும் முன்பே பாதிக்கு மேல் வேலை முடிந்திருக்க வேண்டும். வளையும் குழாயும் நுண்ணிய கேமராவும், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்காது என்பதால்தான் இவ்வளவு பாடு.

குழாய் நோயாளியின் உடலைவிட்டு வெளியே வந்த கையோடு, நொதி கலந்த சோப்புநீரில் நனைத்த துணியால் அதைத் துடைக்கிறார்கள். அதே நீரை உறிஞ்சுகுழல் வழியே இழுக்கிறார்கள். சளியும் ரத்தமும் காய்ந்துவிட்டால் பிறகு எளிதில் போகாது. மூடிய பெட்டியில் கழுவும் அறைக்குப் போனதும் கசிவுச் சோதனை. பஞ்சர் பார்ப்பதுபோல் உள்ளே காற்றடித்து, நீரில் முக்கி, முனையை வளைத்து வளைத்துப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் கருவி நேரே பழுதுபார்க்கத்தான்.

அடுத்தது பிரஷ். குழாய் வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும். வால்வுகளைக் கழற்றி, குழலின் அளவுக்கேற்ற பிரஷை நீருக்கடியிலேயே நுழைக்க வேண்டும். இல்லையென்றால் முகத்தில் தெறிக்கும். மறுமுனையில் வெளிவரும் பிரஷை ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டுத்தான் பின்னுக்கு இழுக்க வேண்டும். அது அழுக்கில்லாமல் வரும்வரை ஓயக் கூடாது. பித்தநாளச் சிகிச்சைக்கான டியோடினோஸ்கோப்பின் முனையில் உள்ள சின்ன நெம்புகோலின் இடுக்குதான் பெரிய தலைவலி. 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா இந்தக் கருவி வழியாகத்தான் நோயாளிகளுக்குப் பரவியது. 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கழற்றி எறியக்கூடிய முனை கொண்ட கருவிகளுக்கு மாறச் சொன்னது.

இனித்தான் மருந்து. பிரஷ் போட்டபின் அலசிய நீர் உள்ளே தேங்கியிருந்தால் மருந்து நீர்த்துப்போகும்; அதை முதலில் வெளியேற்ற வேண்டும். வீரியம் குறையவில்லையா என்று சோதனைத் தாளால் பார்த்துவிட்டு, கருவியை முழுக்க அமிழ்த்தி, ஊசிக்குழாயால் எல்லாக் குழல்களிலும் மருந்தை நிரப்புகிறார்கள். காற்றுக்குமிழி நிற்கும் இடத்தில் மருந்து படாது. 2 சதவீத குளுட்டரால்டிஹைடு என்றால் வழக்கமாக 20 நிமிடம். அதன் நெடி கண்ணை எரிக்கும். இதற்கு மாற்றாக வந்த ஆர்த்தோ-தாலால்டிஹைடுக்கு 20 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம் போதும். ஆனால் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் சாம்பல் நிறமாகிவிடும்.

பிறகு வடிகட்டிய நீரில் நன்றாக அலசுவார்கள். பல இடங்களில் 70 சதவீத ஆல்கஹாலும் செலுத்துகிறார்கள். கடைசியில் குறைந்தது 10 நிமிடம் குழல்களுக்குள் காற்றுச் செலுத்தி உலர்த்த வேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டு விழுவது இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். ஈரம் தங்கிய குழலில் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒரே இரவில் பெருகிவிடும். உலர்ந்த கருவியை வால்வு மாட்டாமல் அலமாரியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, யார் கழுவினார், எந்த நோயாளிக்குப் பயன்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள்.